மூங்கில் ஆணி போட்ட கிட்டி

என் தம்பி ஜெயவேல் தைத்த தோலில் ஓர் அங்குலத்துக்கு எட்டுத் தையல் இருக்கும். ஏழும் இருக்காது, ஒன்பதும் இருக்காது. நான் அடிக்கோல் வைத்து எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. ஆனாலும் எண்ணுவதில் நான் தவறியதில்லை.

வண்ணாரப்பேட்டையில் ஜஹாங்கீர் பாயின் சேணப் பட்டறையில் அவன் பதினான்காம் வயதில் சேர்ந்தான். ஜட்கா குதிரைகளுக்குச் சேணம், நெஞ்சு வார், கடிவாள வார் எல்லாம் அங்கே கையால்தான் தைப்பார்கள். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, குத்தூசியால் துளை போட்டு, அதே துளையில் இந்தப் பக்கமிருந்து ஓர் ஊசியும் அந்தப் பக்கமிருந்து ஓர் ஊசியும் விட்டு இழுக்க வேண்டும். இரண்டு கையும் ஊசிக்கே போய்விடும். தோலைப் பிடிக்க இரண்டு முழங்கால்கள்தான். தையற்காரனுக்குக் கையைப் போலவே முழங்காலும் வேண்டும் என்பதை, அது போன பிறகுதான் நாங்கள் தெரிந்துகொண்டோம்.

யுத்தம் முடிந்ததும் ராணுவத்துச் சேண வேலை நின்றுபோனது. பாய் பாதிப் பேரை நிறுத்தினார். தம்பி ஒரு தனியார் கிடங்கில் மூட்டை இறக்கப் போனான். 1948 மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை, அடுக்கி வைத்த சணல் கட்டு சரிந்து அவன் இடது காலில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு நாலு விரற்கடை மேலே எடுத்துவிட்டார்கள். வியாசர்பாடியில் அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண்ணின் வீட்டார் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, வாங்கி வந்த ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போனார்கள். பிறகு வரவில்லை.

ராயபுரம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் தண்டவாளத்தை ஒட்டிய குடிசை வரிசையில் நானும் அவனும் இருந்தோம். நான் கடலைக் கிடங்கில் சொத்தை பொறுக்கும் வேலை செய்தேன். ஒரு வருஷம் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். எங்கள் சித்தப்பா சுப்பராயன் அடிக்கடி வருவார். கெட்டவரில்லை. அவருக்குத் தெரிந்த வழியைச் சொன்னார்.

"டேய் வேலு, திருவொத்தியூர் கோயிலாண்ட பௌர்ணமிக்கு பௌர்ணமி இன்னா கூட்டம் தெரியுமா? ஒரு துண்ட விரிச்சிகினு குந்து. உங்கக்கா இன்னும் எத்தினி நாளு உன்ன வெச்சி சோறு போடும்?"

"துண்டு நீ குடுப்பியா சித்தப்பா, இல்ல அதையும் நானே பிச்சை எடுக்கணுமா?" என்றான் தம்பி.

சித்தப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டதை நான் பார்த்தேன்.

மறுவாரம் என் தோளைப் பிடித்துக்கொண்டு, அக்குள் கட்டையை ஊன்றி, வண்ணாரப்பேட்டைக்குப் போனான். ஜஹாங்கீர் பாய் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"தெக்கிறது கையி. சரி. புடிக்கிறது எதுல நைனா? என் தலையிலயா?"

"அத்த நான் பாத்துக்கிறேன் பாய். ஒரு வேலை குடு. சரியா வந்தா மேல வேலைய வூட்டாண்ட அனுப்பு. வரலன்னா உன் பட்டறைப் பக்கம் திரும்ப மாட்டேன்."

பாய் யோசித்தார். ஒரு வக்கீல் வீட்டு வண்டிக்குப் பழுப்பு நிறத்தில் முழுச் சேணம் கேட்டிருந்தார்கள். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல், சாயம் ஏற்றாமல் இயற்கை நிறத்திலேயே. அதில் சின்னக் கீறல் விழுந்தாலும் தெரியும். அந்தத் தோலை அளந்து வெட்டி, சுருட்டி என் கையில் கொடுத்தார். "பதினஞ்சு நாளு. மேலே ஒரு சாண் தோலுகூடக் கெடையாது. கெட்டா கெட்டதுதான்" என்றார்.

காசிமேட்டில் தேசப்பன் என்பவர் கப்பலில் வந்த பழைய பீப்பாய்களை உடைத்து விறகாக விற்பார். தம்பி அங்கே போய் ஒரு பொழுது முழுவதும் பலகைகளைப் புரட்டிக்கொண்டிருந்தான். வயிறு புடைத்தாற்போல் வளைந்த இரண்டு பலகைகளை எடுத்தான். நீளம் முப்பத்திரண்டு அங்குலம், அகலம் மூன்றரை. இந்த ஊர் மரமில்லை, கல்லைப் போல் இருந்தது.

"சாராயப் பீப்பாடா அது. உன் தோலுக்குப் போதை ஏறப் போவுது" என்றார் தேசப்பன்.

"ஏறட்டும் மாமு, எனக்கும் ஒரு தோஸ்து வேணும்ல."

இரண்டு பலகைகளையும் வளைவு வெளிப்பக்கம் இருக்கும்படி எதிரெதிரே நிறுத்தி, அடியில் நடுவே ஒரு கட்டையை வைத்துச் சேர்த்தான். மேல் முனைகள் இரண்டும் தாமாகவே வந்து முட்டிக்கொண்டன, உதடு மூடியது போல. அந்த உதட்டுக்கு நடுவில் தோலைச் செருகினால் பிடித்துக்கொள்ளும். அவன் அதற்குக் கிட்டி என்று பெயர் சொன்னான்.

முதலில் செய்தது உதவவில்லை. கிட்டியை நிறுத்த அதையும் இரண்டு தொடைக்கு நடுவில் இடுக்க வேண்டியிருந்தது. ஒரு பக்கம் தொடை பாதிதான். நூலை இழுக்க இழுக்க அது சாய்ந்துபோய் வெட்டுப்பட்ட இடத்தில் இடித்து ரத்தம் வந்தது. இரண்டு நாள் அதைத் தொடவில்லை. மூன்றாம் நாள் காலை என்னைக் கூப்பிட்டு, "அக்கா, உக்கார்ற பலகைய எடு" என்றான். நான் குந்திச் சோறாக்கும் பலகை அது. அதன் முன்பக்கத்தில் துளை வெட்டி, கிட்டியின் அடிக்கட்டையை அதில் இறக்கினான். இப்போது அவன் பலகைமேல் உட்கார்ந்தால் அவன் பாரமே கிட்டியை நிறுத்தியது. முழங்காலுக்கு வேலையே இல்லை. பிறகு ஒரு பலகையில் கயிற்றை முடிந்து, எதிர்ப் பலகையில் துளை போட்டு அதன் வழியாக வெளியே விட்டு, கீழே ஒரு வளையம் கட்டினான். இருக்கிற வலது காலை வளையத்தில் விட்டு அழுத்தினால் வாய் இறுகும், காலை எடுத்தால் தளரும்.

இத்தனைக்கும் அவன் ஓர் இரும்பு ஆணிகூட அடிக்கவில்லை. மூங்கிலைச் சீவி ஆணி செய்து, ஒவ்வொன்றையும் துளைக்குள் தட்டி இறக்கினான். மொத்தம் பதினொன்று. தோலில் தடம் விழாமலிருக்க வாயின் உள்பக்கம் இரண்டிலும் மெல்லிய ஆட்டுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டினான். ஆணி வாங்க வழியில்லாமல்தான் மூங்கிலைச் சீவுகிறான் என்று நான் நினைத்தேன். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

தைக்க ஆரம்பித்தான். ஈரத் துணியில் சுற்றி வைத்து, தோல் இளகியதும் எடுத்துத் தைப்பான். காலையில் நான் வேலைக்குப் போகும்போது குனிந்த தலை, மாலையில் வரும்போதும் அப்படியே இருக்கும். ஆனால் பாட்டு முணுமுணுப்பான். ஒன்றேகால் வருஷத்துக்குப் பிறகு அந்தக் குடிசையில் கேட்ட பாட்டு அது. பதினோராம் நாளில் நெஞ்சு வார்கள் இரண்டும்தான் மிச்சம். சேணத்தில் முன்னால் தெரிவது அவைதான் என்பதால் கடைசிக்கு வைத்திருந்தான்.

அன்று சாயங்காலம் ஈரத்தில் ஊறி, கிட்டியின் வாயில் ஒட்டிய ஆட்டுத்தோல் ஒரு பக்கம் உரிந்து தொங்கியது. அவன் சவரம் செய்துகொள்ளப் போயிருந்தான். வருவதற்குள் சரி செய்து வைத்தால் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். கடலைக் கிடங்கில் பெட்டி உடைத்தபோது எடுத்து வைத்த சின்ன இரும்பு ஆணிகள் என்னிடம் இருந்தன. இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக நாலு ஆணி அடித்தேன். தலை துருத்தினால் தோலில் தடம் விழுமே என்று நன்றாக உள்ளே இறக்கி, ஆட்டுத்தோலின் ஓரத்தை அதன்மேல் மடித்துப் பசை தடவி ஒட்டினேன். ஆணி இருப்பதே தெரியவில்லை. அவன் வந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லா ஒட்டிகீறியே அக்கா" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் முழுக்க நெஞ்சு வார்களைத் தைத்தான். அதற்கு மறுநாள் காலை ஈரம் காய்ந்தபோது இரண்டு வாரிலும் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள் இருந்தன. நாலு, ஒரு சாண் தள்ளி நாலு, பிறகு நாலு. அடிபட்ட உடம்பில் ரத்தம் கட்டினது போன்ற கறுப்பு.

கத்தியால் கிட்டியின் ஆட்டுத்தோலைக் கீறி விலக்கினான். ஆணியைப் பார்த்தான்.

"இத்த நீயா அடிச்ச?"

"ஆமாண்டா. ஏன்?"

"ஆவாரம் தோலு ஈரமா இருக்கசொல்ல இரும்பு பட்டா கறுத்துடும்க்கா. கறுப்புச் சாயமே இரும்ப ஊற வெச்சித்தான் காச்சுறது." கத்தி முனையால் நாலு ஆணியையும் நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். பிறகு, "நல்லாத்தான் அடிச்சிகீற. ஒண்ணுகூட வளையல" என்றான்.

எலுமிச்சம்பழத்தை வாங்கி வந்து தேய்த்துப் பார்த்தோம். கறுப்பு மங்கியது, போகவில்லை. சாம்பல் நிழலாக நின்றது.

குறித்த நாளில் கொண்டுபோனோம். ஜஹாங்கீர் பாய் ஒவ்வொரு வாராக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். தலையை ஆட்டினார். "பழைய கையி. ஒரு நூலு பிசகல" என்றார். பிறகு நெஞ்சு வாரை விரித்தார்.

"இது இன்னா?"

"கிட்டியில ஆணி அடிச்சிட்டேன் பாய்."

"யாரு, நீயா?"

"நான்தான்."

நான் வாயைத் திறந்தேன். தம்பி என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"புதுசா வந்த ஆளு அடிச்சான்னா உடு. இத்தினி வருசம் தோலுல கெடந்தவன் ஈரத் தோலாண்ட இரும்பக் கொண்டாருவானா? கால எடுக்கசொல்ல மூளையயும் சேத்து எடுத்துட்டாங்களா இன்னா?"

பட்டறையில் தைத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களில் இரண்டு பேருக்குத் தம்பிதான் ஊசி கோக்கச் சொல்லிக்கொடுத்தவன்.

வேறு வேலை கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பி வரும் வழியில், கல்மண்டபம் அருகே கட்டையை ஊன்றி நின்றபோது கேட்டேன். "ஏண்டா பொய் சொன்ன? நான் செஞ்சதுன்னு சொன்னா தெரியாம செஞ்சதுன்னு உட்டிருப்பாரே?"

"உட்டிருக்க மாட்டாரு. கிட்டியில உன் கை பட்டுதுன்னா தெச்சதும் நீதான்னு சொல்லுவானுங்க. அத்த மட்டும் என்னால கேக்க முடியாது."

கட்டையை எடுத்து ஊன்றி எனக்கு முன்னால் நடந்தான்.

மூன்று நாள் கழித்துச் சித்தப்பா வந்தார். வரும் வெள்ளிக்கிழமை பௌர்ணமி என்றார். தம்பி பதிலுக்குக் கிண்டல் எதுவும் செய்யவில்லை. "சரி சித்தப்பா" என்றான். 

மறுநாள் மத்தியானம் அவன் தூங்கியபோது, கிட்டியைப் பலகையோடு தலைமேல் தூக்கிக்கொண்டு வண்ணாரப்பேட்டைக்கு நடந்தேன். பாயின் முன்னால் இறக்கி வைத்தேன்.

"இதுல எங்கயாச்சும் இரும்பு கீதா பாருங்க. பதினோரு ஆணியும் மூங்கிலு. நாலு ஓட்டை மட்டும் நான் இரும்பாணி அடிச்சது. அடிக்கசொல்ல அவனுக்குத் தெரியாது."

"அவன் நான்தான் அடிச்சேன்னான். நீயும் நான்தான்னு சொல்ற. நான் எத்த நம்புறது?"

"எத்த வேணா நம்புங்க. மொதல்ல இதுல குந்திப் பாருங்க."

பாய் உட்கார்ந்தார். வளையத்தில் காலை விட்டு அழுத்தினார், தளர்த்தினார், மறுபடி அழுத்தினார். ஒரு துண்டுத் தோலை வைத்து ஆறேழு தையல் போட்டார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "அந்த வக்கீல் சேணம் போச்சும்மா, வேற ஆளாண்ட குடுத்துட்டேன். பழுப்பு வேலை இனிமே அவனுக்குக் குடுக்க மாட்டேன். கறுப்பு வேலை தரேன். கைவண்டி வாரு, வாளி தூக்குற வாளிப் பட்டை. அதுல எந்தக் கறையும் தெரியாது" என்றார்.

கிட்டியோடு அவர் கொடுத்த கறுப்புத் தோல் கட்டையும் தூக்கிக்கொண்டு வீடு வந்தேன். தம்பி விழித்து உட்கார்ந்திருந்தான். "யாரக் கேட்டு தூக்கினு போன?" என்றான். அதன் பிறகு நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை காலை சித்தப்பா வந்து வாசலில் நின்றபோது, பலகைமேல் உட்கார்ந்து கறுப்பு வாரைக் கிட்டியில் செருகிக்கொண்டிருந்தான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சித்தப்பா கொஞ்சம் நின்றுவிட்டுப் போனார்.

ஆறு மாதத்துக்குள் பாயின் பட்டறையில் அதே மாதிரி ஐந்து கிட்டிகள் இருந்தன. தச்சனை வைத்துச் செய்திருந்தார். அதில் உட்கார்ந்து தைத்தவர்களுக்கு இரண்டு காலும் இருந்தன. அதற்கு அவர்கள் வைத்த பெயர் நொண்டிப் பலகை. முதலில் செய்தது யார் என்று கேட்டால் இப்போது அங்கே சொல்ல ஆளில்லை. அதனால்தான் அளவோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

எட்டு வருஷம் அவன் கறுப்புத் தோல் தைத்தான். ஈரத்தில் சாயம் கழன்று விரலில் ஏறும். முதலில் நகக்கண்ணில், பிறகு ரேகைகளில், கடைசியில் உள்ளங்கை முழுக்க. சவுக்காரம் போட்டுத் தேய்த்தாலும் போகாது. 1957 ஐப்பசியில் பட்டறையில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்து வேலை தேங்கியபோது, பாயே ஆளனுப்பி ஒரு சுருள் பழுப்புத் தோல் கொடுத்தனுப்பினார். நான் ஓடிப்போய் அவன் மடியில் வைத்தேன். அவன் அவிழ்த்தான். தொடவில்லை. கையை இரண்டு பக்கமும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தாழ்த்தி அந்தத் தோலின் வாசனையை மட்டும் பிடித்தான்.

"அக்கா, திருப்பிக் குடுத்துட்டு வா."

"ஏண்டா?"

"இந்தக் கையி வேர்த்தா அதுல கறுப்பு எறங்கும். தோலு கெட்டுப் பூடும்."

நான் சுருட்டிக் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தண்டவாளத்தைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். பாதியில் விட்ட வாளிப் பட்டையை எடுத்து, மேற்கொண்டு தைத்துக்கொண்டிருந்தான்.