ரெண்டாவது மாத்திரை

எங்க வீட்டுக்காரருக்குக் கொலஸ்ட்ரோல் வந்துச்சு, எனக்குப் பைத்தியம் பிடிச்சுச்சு. டொக்டர் எழுதிக்குடுத்த மாத்திரைய ராத்திரிக்கு ஒண்ணுன்னு நான்தான் எடுத்துக் கையில வைப்பேன். தேங்காப்பால் சொதி, பொரியல், முட்டை எல்லாத்தையும் நிப்பாட்டினேன். மூணு மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் எடுத்துப் பார்த்தா கொலஸ்ட்ரோல் இறங்கியிருக்கும். ரிப்போர்ட்டுல அதுக்குப் பக்கத்துல ட்ரைகிளிசரைட்னு இன்னொரு கொழுப்பு இருக்கே, அந்தச் சனியன் மட்டும் இறங்கவே இறங்காது.

நான் யாரச் சந்தேகப்படுவேன்? அவரத்தான். கட்டுகஸ்தோட்டை டவுன்ல ஒரு துணிக்கடையில வேலைக்கு நிக்கிற மனுசன். சுத்திவர எங்க பார்த்தாலும் கொத்துரொட்டி, ரோல்ஸ்.

"உண்மையச் சொல்லுங்க, வெளிய என்ன வாங்கித் திங்கிறீங்க?"

"ஒண்ணும் திங்கல."

"அப்ப காத்தக் குடிச்சா ஏறுது?"

பேசமாட்டார். வாயில என்ன கொழுக்கட்டையான்னு கத்துவேன். அவர் பாட்டுக்குப் போய்ப் படுத்துக்குவார். பேசாத மனுசனோட சண்டை போட்டுப் பாருங்க, அப்பத் தெரியும் என் வேதனை.

மூணாந்தடவையும் அது ஏறியே வந்ததும் டொக்டர் இன்னொரு மாத்திரையும் சேர்த்தார். ரெண்டு மாசத்துல அவருக்குக் கால் ரெண்டும் வலிக்க ஆரம்பிச்சுச்சு. எங்க வீடு மேட்டுல, ரோட்டுலருந்து எழுபது படி. ஒரே மூச்சுல ஏறின மனுசன் நடுவுல ரெண்டு தரம் உக்காந்து எந்திரிச்சார். கடையில முதலாளி உக்கார ஒரு கதிரை போட்டுக் குடுத்தாராம். அதச் சொல்லும்போது அவர் மூஞ்சியப் பார்க்க முடியல. நின்னு துணி விரிச்சுக் காட்ட முடியாத ஆள எத்தன நாளைக்கு வேலைக்கு வச்சிருப்பாங்க? பயம் வந்தா எனக்கு அது கோவமாத்தான் வெளிய வரும். "நாக்க அடக்கியிருந்தா இந்த மாத்திரையே வந்திருக்காது, நல்லா அனுபவிங்க"ன்னு சொல்லிட்டேன். பாவி.

கால்வலின்னதும் டொக்டர் திரும்ப ரத்தம் எடுத்துட்டு வரச்சொன்னார். லேப்புல அன்னிக்கு ஒரு புதுப் பிள்ளை. மத்தவங்க "வெறும் வயிறுதானே?"ன்னு கேட்டுட்டு ஊசியக் குத்துவாங்க, இவரும் தலையாட்டுவார். இந்தப் பிள்ளை அப்பிடிக் கேக்கல.

"அங்கிள், காலையில எந்திரிச்சதுக்குப் பொறகு தண்ணி தவிர வேற என்ன குடிச்சீங்க?"

"டீ மட்டும்தாம்மா."

"சீனி போட்டா?"

"சீனி, பால்மா எல்லாம் போட்டுத்தான்"னுட்டு என்னத் திரும்பிப் பார்த்தார்.

நான்தான் போட்டேன். ஒவ்வொரு தடவையும் நான்தான் போட்டேன். ராத்திரி ஏழு மணிக்கு மேல ஒரு பிஸ்கட்டக்கூடத் தொட விடாமக் காவல் காத்துட்டு, விடியக்காலையில பெரிய கப்புல மூணு கரண்டி பால்மா, ரெண்டு கரண்டி சீனி. டீ எப்பங்க சாப்பாடாச்சு? எங்க வீட்டுல டீயக் குடிச்சிட்டுக் கிளம்புறவன, ஐயோ வெறும் வயித்தோட போறானேன்னுதான் சொல்லுவோம். லேப் துண்டுல தண்ணியத் தவிர எதுவும் கூடாதுன்னு மூணு மொழியிலயும் போட்டிருந்துச்சு. அரசாங்க ஒபிஸ் கவுண்டர்ல உக்காந்துக்கிட்டு, விண்ணப்பப் போர்ம வாசிக்காம வந்து நிக்கிறீங்களேன்னு ஊர் சனத்தயெல்லாம் ஏசுறவ நான். அத ஒரு தரம் வாசிச்சுப் பார்க்கல.

பாலும் சீனியும் போட்ட டீ குடிச்சா அந்தக் கொழுப்பு ஏறித்தான் காட்டும்னு சொல்லி, அந்தப் பிள்ளை ரத்தம் எடுக்காமத் திருப்பி அனுப்பிருச்சு. மறுநாள் தண்ணி மட்டும் குடுத்துக் கூட்டிட்டுப் போனேன். ரிப்போர்ட்டுல அது இறங்கியிருந்ததப் பார்த்து, டீக் கதையையும் கேட்ட டொக்டர், இதுக்கு எதுக்கு ரெண்டாவது மாத்திரைன்னு அத வெட்டிவிட்டார். ரெண்டும் சேர்ந்தா சிலருக்குக் கால் இப்பிடித்தான் வலிக்குமாம். முதல் மாத்திரைய மட்டும் ஒரு நாளும் விடக்கூடாதுன்னு கண்டிப்பாச் சொன்னார்.

வீட்டுக்கு ஏறி வரும்போது வழக்கம்போல நடுப்படியில உக்காந்தார். நானும் பக்கத்துல உக்காந்தேன். கால அமுக்கிவிடக் கை போச்சு, வெக்கமா இருந்துச்சு, இழுத்துக்கிட்டேன்.

"என்னய நல்லா ஏசுங்களேன்"ன்னேன்.

"ஏச என்ன இருக்கு? டீ விசயம் எனக்கும்தானே தெரியல"ன்னார். கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு, "நான் திங்கலன்னு சொன்னேனே, அத நீ நம்பியிருக்கலாம்"னார்.

அத்தன வாய் பேசுற நான், வெக்கத்த விட்டுட்டு அவர் கால எடுத்து என் மடியில வச்சு அமுக்கினேன்.