சனூசிக்கென்று வைத்த கோலாக்கொட்டை

பாலத்துச் சாலையில் மூட்டை தூக்குகிறவர்களுக்குத் தலைவனாக இருந்த கிம்பா செத்துப்போனான். உயிரோடு இருந்தவரை அவன் முன்னால் வேறு யாரும் வாய் திறக்க முடிந்ததில்லை. இப்போதாவது நான் பேசுகிறேன். என் தையல் கடை வாசலில்தான் அவன் காலமெல்லாம் ஓசி டீ குடித்தான். அந்த உரிமை எனக்கு உண்டு.

ஆற்றுக்கு இந்தக் கரை காயா, எங்கள் ஊர், நைஜர் நாடு. பாலத்தைத் தாண்டினால் மலான்வில், அது பெனின் நாடு. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பில் இரண்டும் இருந்த காலத்தில், அடையாள அட்டையைக் காட்டிவிட்டு நடந்தே போய்வருவோம். அந்தக் கரையில் அரிசி மண்டி வைத்திருக்கும் சனூசி, கிம்பாவுக்குச் சொந்த அத்தை மகன்.

எங்களில் அத்தை மகனும் மாமன் மகனும் ஒருவரை ஒருவர் அடிமை என்றுதான் கூப்பிடுவார்கள். எப்படித் திட்டினாலும் கோபப்படக் கூடாது. கோபப்பட்டவன் குற்றவாளி. மரியாதைக்குக் கொடுத்து மெல்லுகிற கோலாக்கொட்டையைத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்து, எதிரே உட்கார்ந்து வயிறு நிறையத் திட்டு வாங்கினால்தான் அந்தக் குற்றம் தீரும். ஒருவன் செத்தால் மற்றவன் வந்து மய்யித்தாகக் கிடக்கிற உடலையும் கேலி பேச வேண்டும். அதற்கப்புறம்தான் உடல் வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்குவோம்.

சனூசி சந்தைக்கு வந்தால் என் கடை வாசலில் நின்றே ஆரம்பித்துவிடுவான். "என் அடிமை எங்கடா? இந்த வருஷம் அவனை வித்துரலாம்னு இருக்கேன், எவனும் வாங்க மாட்டேங்கிறான்." கிம்பா டீயை உறிஞ்சிக்கொண்டே, "டேய் அடிமை, உன் மூஞ்சிய இலவசமா குடுத்தாக்கூட கழுதை வாங்காதுடா" என்பான். பிறகு இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள்.

அப்புறம் தலைநகரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கூட்டமைப்புக்குக் கோபம் வந்து எல்லையை மூடியது. ஜெனரல்கள் மேல் கோபம் என்றால் ஜெனரல்களை அடிக்க வேண்டியதுதானே? அடி விழுந்தது எங்கள் வயிற்றில். லாரிகள் அந்தக் கரையில் வரிசையாக நின்று வெங்காயமும் மருந்தும் வெயிலில் வெந்தன. கிம்பாவின் அக்கா ஹஜ்ஜோவுக்குச் சர்க்கரை வியாதி. அவளுடைய ஊசி மருந்து அந்த லாரிகளில் ஏதோ ஒன்றில் இருந்தது. அது வருவதற்குள் அவள் போய்விட்டாள். அக்காவைக் குழியில் இறக்கிவிட்டு வந்த அன்று அவன் டீயைத் தொடவில்லை.

கூட்டமைப்பை விட்டே விலகுகிறோம் என்று ஜெனரல்கள் அறிவித்தபோது, ஊர்வலத்தில் கொடி பிடித்து முன்னால் போனவன் கிம்பா. "பாலம் இல்லாட்டி நீ எந்த மூட்டையடா தூக்குவே?" என்று கேட்டேன். "வீட்டுக்குள்ள இருக்கிறவனே சோத்துல மண்ணள்ளிப் போட்டா, அது என்ன வீடு?" என்றான்.

அன்று சாயங்காலமே சனூசி போன் பண்ணினான். கிம்பா எல்லாரும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தான்.

"என்னடா அடிமை, எஜமான் வீட்டை விட்டு ஓடுறியாமே? கோவத்துல கதவச் சாத்துனா அது ரெண்டு பக்கமும்தான்டா சாத்தும். பசிச்சா பின்வாசல் வழியா வா, எலும்பு எடுத்து வைக்கிறேன்."

எல்லாரும் சிரித்தோம். கிம்பா சிரிக்கவில்லை. "உங்க ஆளுங்கதான் என் அக்காவக் கொன்னீங்க. இனிமே என்கூடப் பேசாதே" என்று வைத்துவிட்டான்.

அத்தை மகனிடம் கோபப்பட்டவனை நாங்கள் யாரும் அதுவரை பார்த்ததில்லை.

தப்பு என்று அவனுக்கே தெரியும். கொஞ்ச நாளில் கோலாக்கொட்டை வாங்கி, இலையில் சுற்றி, காயாமல் தண்ணீர் தெளித்து வைத்திருந்தான். அழுகியதைப் பொறுக்கி எறிவான், புதிதாக வாங்கிச் சேர்ப்பான். போன் மட்டும் பண்ணவில்லை. போனில் கோலா கொடுக்க முடியாதே. கூட்டமைப்பு தன் பூட்டைத் திறந்தது. உடனே எங்கள் அரசாங்கம் தன் பூட்டைப் போட்டது. பெரிய மனிதர்கள் வீம்புக்கு ஏது மருந்து? ஆனாலும் ஊரே திருட்டுப் படகில் போய்வந்துகொண்டுதான் இருந்தது.

"நீயும் படகுல போயிட்டு வாயேன்டா" என்றேன்.

"விலகணும்னு கத்துனவன் நான். நானே திருட்டுத்தனமா போனா நல்லாவா இருக்கும்? திறக்கட்டும், பாலத்து மேல நடந்து போறேன்."

அந்த முட்டாள்தனத்துக்காக அவனை அறையலாம் போல இருந்தது. அதற்காகவே அவன்மேல் மரியாதையும் வந்தது. லாரி இல்லாத சாலையில் மூட்டையும் இல்லை. கடைசியில் ஆற்றில் மணல் அள்ளப் போனான். ஒரு நாள் காலை, மணல் கூடையோடு கரையேறியவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை.

சனூசிக்குச் சொன்னேன். உடனே கிளம்பி ஆற்றங்கரைக்கு வந்துவிட்டான். அந்த வாரம் பார்த்துப் படகுக்கும் தடை. இரண்டு கரையிலும் துப்பாக்கி. கெஞ்சினானாம், கத்தினானாம். நாங்கள் பிற்பகல் அஸர் தொழுகை வரை காத்திருந்தோம். வெயில் காலம், அதற்கு மேல் மய்யித்தை வைத்திருக்க முடியாது. தொழுது முடித்ததும், போனைச் சத்தமாக வைத்துச் சந்தூக்கின் மேல் வைத்தேன்.

"டேய் அடிமை!" என்றது சனூசியின் குரல். "எஜமான் வர்றதுக்குள்ள என்னடா தூக்கம்? எந்திரி. மூட்டை கிடக்கு…"

யாரும் சிரிக்கவில்லை. ஆற்றங்கரைக் காற்று மட்டும் போனில் இரைந்தது. அப்போது கிம்பாவின் மனைவி பிபாத்தா இலைப் பொட்டலத்தோடு வந்து போன் பக்கம் குனிந்தாள்.

"அண்ணே, உங்களுக்குன்னு கோலா வாங்கி வச்சிருந்தாரு. தினம் தண்ணி தெளிப்பாரு. படகு விட்டதும் யார்கிட்டயாவது குடுத்து விடவா?"

போனில் சனூசி மூக்கை உறிஞ்சினான்.

"வேண்டாம்மா. முறைன்னா முறைதான். அவன் கையாலதான் வாங்குவேன். வரச் சொல்லு அந்தக் கழுதைய. இனிமே அவனுக்குத்தான் அட்டையும் வேண்டாம், பாலமும் வேண்டாமே."

ஒரு கிழவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், பிபாத்தா மட்டும் பொட்டலத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு அடங்குவதற்குள் சந்தூக்கைத் தூக்கிவிட்டோம். போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன். அணைக்க எனக்கு மனம் வரவில்லை. கபர் குழி வரைக்கும் சனூசியின் அழுகை என் பைக்குள் கேட்டுக்கொண்டே வந்தது.