குளுக்கோஸ் ட்யூப்பில் ஒரு மீன்

எங்க வீட்டுக்காரருக்குக் கைவேலை எதுவும் ஓடாது. இதை முதல்லயே சொல்லிப்புடணும். சுவத்துல ஒரு ஆணி அடிக்கச் சொன்னா, சுவரையும் பேத்து, ஆணியையும் வளைச்சு, கடைசியில சுத்தியல் சரியில்லைன்னு கடைக்காரனை ஏசுவாக. சட்டைப் பித்தான் அந்து விழுந்தா ஊக்கு குத்திக்கிட்டு அலைவாக. தென்காசிக்கும் குத்தாலத்துக்கும் ஆட்டோ ஓட்டுதது ஒண்ணுதான் தெரியும். அந்த மனுசன்தான் ஆஸ்பத்திரியில தூரப்போடுத குளுக்கோஸ் ட்யூப்பை வெட்டி மீன் செய்ய ஆரம்பிச்சாக. முன்கூட்டியே எவளாவது சொல்லியிருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பேன்.

கிட்னி ரெண்டும் போயிட்டுன்னு டாக்டர் சொன்ன பொறவு வாரத்துக்கு மூணு தடவை டயாலிசிஸ். தென்காசியிலயே ஒரு ஆஸ்பத்திரி. காலையில போனா மத்தியானம் வரைக்கும் கட்டில்லயே கிடக்கணும். இடது கையில ஊசி குத்தியிருக்கும், ஆட்டக்கூடாது. அங்கன நர்ஸ் மேசைக்கு மேல ஒரு மீன் தொங்கிக்கிட்டு கிடந்துது. குளுக்கோஸ் ஏத்துத ட்யூப்புல செஞ்சது. சொட்டு விழுத குப்பிதான் உடம்பு. ட்யூப்பை நீளமாக் கீறி விரிச்சு செதிலும் வாலும் வச்சிருந்துது. சொட்டைக் கூட்டிக் குறைக்க உருட்டுத சின்னச் சக்கரம் இருக்குல்லா, அதுதான் கண்ணு. "யாரும்மா செஞ்சது?"ன்னு அவுக கேட்டாக. செங்கோட்டைப் பக்கத்து ஆளு ஒருத்தரு, இங்கதான் வந்துக்கிட்டிருந்தாரு, இப்ப வாறதில்லைன்னு நர்ஸ் சொல்லிச்சு. ஏன் வாறதில்லைன்னு நாங்க கேக்கல.

நல்ல பிள்ளை அந்த நர்ஸ். ரத்தம் படாத, வெறும் உப்புத்தண்ணி ஏத்துன ட்யூப்பாப் பாத்து எடுத்து வச்சுத் தரும். "இதெல்லாம் சிவப்புக் குப்பைத் தொட்டியில போடணும் சார், வெளிய சொல்லிராதீங்க"ன்னு சொல்லித்தான் தரும். வீட்டுல நான் கொதிக்கக் கொதிக்க வெந்நியில போட்டு அலசிக் குடுப்பேன். டயாலிசிஸ் இல்லாத நாள்ல கட்டில்ல உக்காந்து கத்திரியும் பிளேடுமா ஆரம்பிச்சிருவாக. முதல் மீன் செத்த பல்லி மாதிரி இருந்துது. வாய் சும்மா இருக்குமா எனக்கு, சொல்லிட்டேன். ராத்திரி சாப்பாடு வரைக்கும் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தாக. பொறவு கை பழகிட்டு. கிளி செஞ்சாக. கிளிக்குப் பச்சை வேணும்னு ஸ்கெட்ச் பேனா மையைத் தண்ணியில கரைச்சு ட்யூப்புக்குள்ள ஊத்தி, ரெண்டு முனையையும் மெழுகுவத்தியில சுட்டு ஒட்டுனாக. எங்கம்மோ, நிசக்கிளி தோத்துது.

தெருவுல பேச்சாயிட்டு. எதுத்த வீட்டு அக்கா வந்து, "அண்ணாச்சி, எம்பேத்திக்கு ஒரு மீனு செஞ்சு தாங்களேன்"னு கேட்டா. "ட்யூப் இல்லையே தாயி"ன்னு சொன்னாக. கட்டிலுக்கு அடியில ஒரு கட்டைப்பை நிறைய ட்யூப் கிடக்கு! எனக்குன்னா வெக்கமாப் போச்சு. அவ போன பொறவு இவுகளைப் பிடிச்சுக்கிட்டேன். "பச்சப்பிள்ளை கேக்கு, ஒண்ணு குடுத்தா கொறஞ்சா போயிருவீக?" கத்திரியை எடுத்து அடுத்த ட்யூப்பை வெட்ட ஆரம்பிச்சிட்டாக. அப்பதான் யோசிச்சேன். இதுவரைக்கும் செஞ்சது பூராவும் எங்க போயிருக்கு? எல்லாம் கடையத்துக்குத்தான் போயிருக்கு. மீன், கிளி, எறா, எல்லாம் கொழுந்தன் வீட்டுக்கு.

கொழுந்தன்னா இவுகளுக்கு ஒரே தம்பி. போலீஸ்ல இருக்கான். எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது, அவனைத்தான் பிள்ளையா வளத்தாக. அவன் போலீஸுக்கு ஓடிப் பழகும்போது விடியக்காலம் ஆட்டோவைப் பின்னாலயே ஓட்டிக்கிட்டு, "ஓடுலே, ஏலே, நிக்காதலே"ன்னு கத்திக்கிட்டே போவாக. டயாலிசிஸ் ஆரம்பிச்ச புதுசுலயே டாக்டர் எங்களைக் கூப்பிட்டு உக்கார வச்சு, கூடப்பொறந்தவங்க யாராவது ஒரு கிட்னி குடுத்தா இந்த மெஷின் பாட்டை விட்டுறலாம், நாள் தள்ளத் தள்ள உடம்பு தாங்காதுன்னு சொன்னாரு. நான் தாரேன்னு எந்திரிச்சேன். உங்களுக்குத்தான் சுகர் இருக்கே, ஆகாதுன்னுட்டாரு. அப்ப மிச்சம் அவன் ஒருத்தன்தான். ரத்த குரூப்பும் ரெண்டு பேருக்கும் ஒண்ணு.

மீன் என்னத்துக்குப் போகுதுன்னு அப்ப விளங்கிட்டு எனக்கு. "வாயைத் தொறந்து கேட்டா என்ன? முத்தா உதுந்துரும்?"னு கேட்டேன்.

"கேட்டு வாங்குத சாமானாட்டி அது?"ன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாக.

அந்த வருசம் சாரல் நல்லா விழுந்துது. கொழுந்தன் குடும்பத்தோட கார்ல வந்து எங்களையும் ஏத்திக்கிட்டு ஐந்தருவிக்குப் போனான். கார் கண்ணாடிக்கு முன்னால முதல்ல குடுத்த மீன் தொங்கிக்கிட்டு இருந்துது, ஆடிக்கிட்டே வந்துது. இவுக குளிக்கக் கூடாது, தண்ணியும் அளந்துதான் குடிக்கணும். அவ்வளவு தண்ணி கொட்டுத இடத்துல கார்க் கதவைத் தொறந்து வச்சுக்கிட்டு, வாயில ஒரு ஐஸ் கட்டியை ஒதுக்கிக்கிட்டு உக்காந்திருந்தாக. நான் கூடவே இருந்தேன். கொழுந்தன் குளிச்சிட்டு ஈரத்துண்டோட வந்தான். அண்ணன் காலுகிட்ட தரையில உக்காந்தான். "அண்ணே, நான் தாரேன்"னான். எதைன்னு அவனும் சொல்லல, இவுகளும் கேக்கல. தம்பி தலையில கையை வச்சாக. ஈரத்தலையைத் தன் வேட்டியாலயே துவட்டி விட்டாக. நான் அந்தப் பக்கமாப் போய் நின்னு அழுதேன், வாற போற சனமெல்லாம் பாத்துது. பாக்கட்டுமே.

பொறவு திருநெல்வேலியில டெஸ்டு. முதல் டெஸ்டு எல்லாம் சரியா வந்துது. அந்த மாசம் இவுக ஒரு மயில் செஞ்சாக பாருங்க, தோகைக்கு மட்டும் அத்தனை ட்யூப். ஒவ்வொரு இணுக்கையும் கீறிச் சுருட்டி, நுனியில நீல மை. விரல்ல பிளேடு கிழிச்சு நான் துணி சுத்தி விட்டேன், அதோடயும் செஞ்சாக. கிட்னி வந்த பொறவு திரும்ப ஆட்டோ எடுக்கலாமான்னு என்கிட்ட கேட்டாக. பஜார்ல நின்னு பஜ்ஜி திங்கணும்னாக. நானும் கூடக் கூடப் பேசுனேன், குத்தாலத்துல போய்த் தலை நனைய நிக்கணும்னேன். எனக்கும் பைத்தியம் பிடிச்சிருந்துது. மயிலைப் பஸ்ல மடியில வச்சுக் கொண்டுபோய்க் கடையத்துல குடுத்துட்டு வந்தோம்.

அடுத்த டெஸ்டுக்கு அவன் வரல. பந்தோபஸ்து டூட்டி மைனின்னான். அதுக்கு அடுத்த தடவை லீவு கிடைக்கலைன்னான். பொறவு போனை அவன் எடுக்கதில்லை, அவன் பொண்டாட்டி, என் ஓரகத்தி, அவதான் எடுப்பா. அவரு குளிச்சிக்கிட்டு இருக்காருன்னுவா. எந்நேரம் கேட்டாலும் குளியல்தான். நான் கத்துவேன். இவுக போனைப் பிடுங்கி, "சரிம்மா, வேலையைப் பாக்கட்டும், உடம்பைப் பாத்துக்கிடச் சொல்லு"ன்னு வச்சிருவாக.

ஒரு நாள் ஓரகத்தி மட்டும் வந்தா. கையில ஒரு ஜவுளிக்கடைப் பை. காப்பி குடிச்சா, ஊர்க்கதை பேசுனா. எந்திரிக்கும்போது பையை என்கிட்ட நீட்டி, "பிள்ளைக இழுத்துப் பிச்சிப்போடுதுக அக்கா. மாமா கஷ்டப்பட்டு செஞ்சது, உங்ககிட்டயே இருக்கட்டும்"னு சொன்னா. பாத்தா மீன், கிளி, எறா, மயில். ஒண்ணு பாக்கியில்லை. கார்ல தொங்குனதும் இருந்துது. இவுக கட்டில்ல உக்காந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தாக. "பத்திரமாப் போயிட்டு வாம்மா, பஸ் கூட்டமா இருக்கும்"னு சொன்னாக. அவ தெரு முக்கு திரும்புத வரைக்கும் நான் பொறுத்துக்கிட்டேன். அதுக்கப்பொறம் என் வாயில வந்ததையெல்லாம் இங்க எழுத முடியாது.

"ஏசாதட்டி. அவ பாவம், அவதான எல்லாரு மூஞ்சியிலயும் முழிக்கணும்"னாக.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அந்தப் பையைத் தூக்கிக்கிட்டு வந்தாக. நர்ஸ் பிள்ளை, "எங்களுக்கா சார்?"னு சந்தோசமாக் கேட்டுச்சு. இல்லைம்மான்னு சொல்லிட்டு, சிவப்புத் தொட்டி மூடியைத் தொறந்து ஒவ்வொண்ணாப் போட்டாக. மயில் தோகை உள்ள போகல. மடக்கி அமுக்குனாக. நான் கையைப் பிடிச்சேன், விட்டாத்தான! பொறவு ட்யூப்பைத் தொடவே இல்லை. கட்டிலுக்கு அடியில கிடந்ததையும் என்னைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வரச் சொன்னாக. டயாலிசிஸ் இல்லாத நாள்ல சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாக. டிவி போட்டா அணைக்கச் சொல்லுவாக. முன்னால கத்திரி சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும், நான் அடுப்படியில நின்னுக்கிட்டு ஏசிக்கிட்டே இருப்பேன். இப்ப வீடு வீடாவே இல்லை.

அவன் மேல எனக்கு ஆத்திரம்தான். நாசமாப் போறவன்னு நாக்கு நுனி வரைக்கும் வரும். ஆனா அவனுக்கும் ரெண்டு சின்னப் பிள்ளைக. போலீஸ் வேலை, ஓடணும், வெயில்ல நிக்கணும். அவன் உடம்பு அது, அறுத்துத் தான்னு கேக்க நாம யாரு? இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சு என்ன செய்ய? எங்க வீட்டுல ஒரு ஆளு கொஞ்சங் கொஞ்சமாச் செத்துக்கிட்டு இருக்காக. நியாயத்தை வச்சுக்கிட்டு நான் என்ன, தாளிக்கவா?

போன தை மாசம் கடையத்துல அவன் புது வீடு பால்காய்ப்பு. பத்திரிகை போஸ்டுல வந்துது, நேர்ல வரல. நான் வர மாட்டேன்னேன். "மூத்தவன் நான் போகலைன்னா ஊரு அவனை என்ன பேசும்?"னு சொல்லி வேட்டியைக் கட்டிட்டாக. பாத்திரக்கடையில ஒரு குத்துவிளக்கு வாங்கிக்கிட்டுப் போனோம். வாசல்ல எங்களைப் பாத்ததும் அவன் மூஞ்சி வெளுத்துட்டு. சொந்தக்காரங்க எல்லாரும் நின்னாக. பால் பொங்குன பொறவு யாரோ, "அண்ணன் கால்ல விழுந்து ஆசீர்வாதம் வாங்குலே"ன்னு சொன்னாக. அவனும் பொண்டாட்டி பிள்ளைகளோட விழுந்தான். விழுந்தவன் எந்திரிக்கல. முதுகு குலுங்குது. இவுக குனிஞ்சு, ஊசி குத்திக் குத்தி வீங்கிப்போன அந்த இடது கையாலயே தோளைப் பிடிச்சுத் தூக்கி, நெத்தியில திருநீறு பூசி, "நீண்ட ஆயுசோட நல்லா இருலே"ன்னாக. குரல் கொஞ்சங்கூட நடுங்கல. என்னால அங்கன நிக்க முடியல. கொல்லைப்பக்கம் போய்க் குழாயைத் தொறந்து விட்டுட்டு அழுதேன்.

திரும்பி வரும்போது பஸ்ல ஜன்னல் ஓரம் இவுக உக்காந்திருந்தாக. ரொம்ப நாளைக்கு அப்பொறம் மூஞ்சியில ஒரு தெளிச்சி. "பாத்தியாட்டி, அவனுக்குப் பயம் போயிட்டு. நான் இனி ஒண்ணும் கேக்க மாட்டேன்னு தெரிஞ்சிட்டு. இனி நம்ம வீட்டுக்கு வருவான்"னு சொன்னாக. ஞாயித்துக்கிழமை ஆனா காலையிலயே குளிச்சு, சட்டை போட்டு, வாசலைப் பாத்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உக்காந்திருக்காக. மீன் குழம்பு வைக்கச் சொல்லுதாக, தம்பிக்குப் பிடிக்குமாம். நானும் வைக்கேன்.

இன்னும் வரல.