ஒகேனக்கல்லில் கிரேக்கக் கப்பல் ஓட்டிய கதை

1. கப்பல் சுற்றுகிறது

புரொடக்ஷன் மேனேஜர் வேலைக்கு வரப்போகிற தம்பி தங்கைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "சார், உங்க சர்வீஸ்லயே மறக்க முடியாத ஷூட்டிங் எது?" என்பதுதான். எனக்கு யோசிக்கவே வேண்டாம். ஒகேனக்கல்லில், காவிரி ஆற்றின் நடுவில், ஒரு கிரேக்கக் கப்பல் ராட்டினம் மாதிரி சுற்றிக்கொண்டிருந்த நாள்தான்.

கப்பல் என்றால் சும்மா அட்டைக் கப்பல் இல்லை. அடியில் நீல நிற பிளாஸ்டிக் டிரம்கள், மேலே இரும்பு ஃபிரேம், அதைச் சுற்றிப் பிளைவுட் பலகை. மூக்குப் பக்கம் இரண்டு பெரிய கண்கள் வரைந்திருந்தார்கள். பின்பக்கம் தேள் கொடுக்கு மாதிரி ஒரு வால் மேலே வளைந்து நிற்கும். உள்ளே துடுப்புப் போட எங்கள் ஒகேனக்கல் பரிசல்காரர்கள். எல்லாருக்கும் தோல் கவசம், அதற்குள் லைஃப் ஜாக்கெட், கன்னத்தில் ஒட்டுத்தாடி. பார்க்க அசல் கிரேக்க வீரர்கள்தான். ஓட்டச் சொன்னால் மட்டும் கப்பல் முன்னால் போகாமல் நின்ற இடத்திலேயே சுற்றியது.

கரையில் மானிட்டருக்கு முன்னால் டைரக்டர் சாரு தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். சின்ன வயதுப் பெண், முதல் வெப் சீரீஸ். அவருக்குப் பக்கத்தில் சீரீஸை வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு பண்ண வந்திருந்த கம்பெனி அம்மா. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. அவர் காலையிலேயே பட்டென்று சொல்லிவிட்டார்.

"சாரு, கப்பல் பாறைங்களுக்கு நடுவுல போற ஷாட் எனக்கு நிஜமா வேணும். வந்துச்சுன்னா சீரீஸ் பண்றோம். வரலன்னா இத்தோட முடிச்சுக்கலாம்."

போதாக்குறைக்கு, மேலே அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், மறுநாள் காலையிலிருந்து ஆற்றில் எதுவும் இறங்கக்கூடாது என்று தகவல் வந்திருந்தது. ஆக, இருப்பது அந்த ஒரு பகல்தான். சாரு பல வருஷமாகக் கதவு கதவாகத் தட்டி எழுதித் திருத்திய கதை அந்த ஒரு பகலில் தொங்கிக்கொண்டிருந்தது.

நானோ பக்கத்திலேயே இருக்கிற இண்டூர்க்காரன். "வெளிநாடும் வேணாம், செட்டும் வேணாம் மேடம், எல்லாம் எங்க மாவட்டத்துலயே இருக்கு" என்று சாருவிடம் மார்தட்டி யூனிட்டைக் கூட்டிக்கொண்டு வந்தவன். என் மானம் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

2. முதுகு காட்ட மாட்டோம்

கதை இதுதான். ராஜ்ஜியத்தைப் பறிகொடுத்த ஓர் இளவரசன். கடல் தாண்டிப் போய்த் தங்க ஆட்டுத்தோலைக் கொண்டுவந்தால் ராஜ்ஜியம் திரும்பக் கிடைக்கும் என்கிறார்கள். வழியில் கடலுக்கு நடுவே இரண்டு பாறைகள். எது குறுக்கே போனாலும் இரண்டும் மோதி நசுக்கிவிடும். அதற்குள் கப்பலை விட்டுத் தப்பிக்க வேண்டும். பாறைகள் நகர்வதைக் கம்ப்யூட்டரில் செய்துகொள்வார்கள். கப்பலுக்கு வழி பார்க்க முன்னால் பறக்கவிடுகிற புறாவும் கம்ப்யூட்டர்தான். அசல் புறாவுக்கு அனுமதி வாங்க அலையவிடாமல் காப்பாற்றிய குலதெய்வத்தைக் கும்பிட்டேன். தண்ணீரும் கப்பலும் ஆட்களும் மட்டும் அசலாக வேண்டும். இரண்டு பக்கமும் பனை உயரத்துக்குப் பாறை நிற்க, நடுவில் ஆறு ஓடுகிற அந்த இடுக்கைப் பார்த்ததுமே சாரு துள்ளிக் குதித்துவிட்டார்.

பரிசல்காரர்களுக்குக் கதையைச் சொன்னவன் நான்தான். அவர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் மாதையன். நாற்பது வயதுக்காரர். வாய் ஓயாது. ஆற்றின் சத்தத்தையே அமுக்கிவிடுகிற தொண்டை.

"ஆட்டுத்தோலுக்கா இம்மாந்தூரம் வந்தானுங்க? பென்னாகரம் சந்தைக்கு வந்துருந்தா ஆட்டோடயே புடிச்சிட்டுப் போயிருக்கலாமேங்க."

"தங்கத்தோலுய்யா மாதையா."

"அப்படிங்களா? அப்ப வர வேண்டியதுதானுங்க."

கதை பிடித்துவிட்டது. உட்காருகிற விதம்தான் பிடிக்கவில்லை. பரிசலில் துடுப்புப் போடுகிறவர் போகிற திசையைப் பார்த்துக் குந்திக்கொண்டு தண்ணீரைத் தன் பக்கம் இழுப்பார். அந்தக் காலத்துக் கிரேக்கக் கப்பலில் அப்படி இல்லை. வரிசையாகப் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நீளத் துடுப்பை நெஞ்சுக்கு இழுக்க வேண்டும். முதல் டேக்கில் பாதிப் பேர் தாங்களாகவே திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள். பாதிக் கப்பல் முன்னுக்கு, பாதிக் கப்பல் பின்னுக்கு. சுற்றாமல் என்ன செய்யும்?

எல்லாரையும் சரியாக உட்கார வைத்தோம். அடுத்த டேக்கில் துடுப்புக்கு ஒருமுறை கழுத்தைத் திருப்பிப் பாறையைப் பார்த்தார்கள். தாளம் போச்சு. துடுப்போடு துடுப்பு மோதி ஒரு வீரரின் தாடி ஆற்றோடு போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் கயிறு கட்டிக் கப்பலை மேலே இழுத்து வருவதற்குள் எங்களுக்கு நாக்குத் தள்ளியது.

நான் கரையிலிருந்து கத்தினேன். கத்துவதில் எனக்கு நல்ல பெயர். மாதையன் அசரவில்லை. சாரு பக்கம் திரும்பினார்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. பாறை எதிர்க்க வருது. அதுக்கு முதுகக் காட்டிட்டு எப்புடீங்க துடுப்பு போடறது? பொறந்ததுலருந்து தண்ணியப் பாத்துத்தாங்க ஓட்டறோம்."

"இப்படி இழுத்தாதான் முழு பலமும் வரும் அண்ணா," என்றார் சாரு.

"பலம் வருதுங்க. தைரியம் வரலீங்களே."

3. யார் முகம்?

அடுத்த டேக் கொஞ்சம் நன்றாகவே தொடங்கியது. கப்பல் நேராக வந்தது. எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. திடீரென்று அத்தனை பேரும் துடுப்பைப் போட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டார்கள். கப்பல் ஒருபக்கமாகச் சாய, கீழே காவலுக்கு நிறுத்தியிருந்த பரிசல்கள் ஓடி வந்து பிடித்துக்கொண்டன.

"என்னய்யா ஆச்சு?" என்று வாக்கிடாக்கியில் அலறினேன்.

"பின்னால நிக்கற நடிகரு மூஞ்சியப் பாத்தமுங்க! செத்தோம்னு நெனச்சிட்டோம்!" என்றார் மாதையன்.

கப்பலின் பின்பக்கத்தில், சுக்கான் பிடிக்கிற மாலுமி வேஷத்தில் சென்னை நடிகர் ரகு நின்றிருந்தார். நல்ல நடிகர். பாறையைப் பார்த்ததும் மரண பயம் வேண்டும் என்று ஸ்கிரிப்டில் இருந்தது. மனிதர் கண்ணைப் பிதுக்கி, வாயைப் பிளந்து, வெளுத்துப்போய்க் காட்டிவிட்டார். துடுப்புக்காரர்கள் உட்கார்ந்திருப்பது அவரைப் பார்த்துத்தானே!

எல்லாரும் சிரித்தோம். சாரு சிரிக்கவில்லை. எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீரில் இறங்கிக் கப்பலுக்கே போனார். பின்பக்கத்தில் ஏறி நின்று வரிசையைப் பார்த்தார். அத்தனை முகங்களும் அவரைப் பார்த்தன.

"அண்ணா, இங்க நிக்கிறவர் ஒருத்தர்தான் பாறையைப் பாக்குறார். நீங்க எல்லாரும் இங்க நிக்கிறவரைப் பாக்குறீங்க. அப்ப பாறை எங்க இருக்குன்னு இந்த மூஞ்சியிலயே உங்களுக்குத் தெரியும் இல்ல?"

சிலர் தலையாட்டினார்கள். சாரு விடவில்லை.

"யாரு மூஞ்சியைப் பாத்தா திரும்பிப் பாக்காம இழுப்பீங்க?"

அத்தனை பேரும் மாதையனைப் பார்த்தார்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்தப் பெண் அந்த நேரத்தில் அதைக் கண்டுபிடித்தாரே! இன்றைக்கு நினைத்தாலும் எழுந்து நின்று கைதட்டத் தோன்றுகிறது.

மாதையன் ஒத்துக்கொள்ளவில்லை. "துடுப்பு இல்லாம நான் எதுக்குங்க? சும்மா நிக்கறதுக்கா?" என்று எகிறினார். கடைசியில் ரகுதான் இறங்கி வந்து, தன் மாலுமித் தாடியைப் பிய்த்து, மாதையனின் தாடியை எடுத்துவிட்டு அங்கே ஒட்டினார். "உங்க துடுப்பை நான் புடிக்கிறேன். என் எடத்துல நீங்க நில்லுங்க" என்று சொல்லிவிட்டு மாதையனின் பலகையில் போய் உட்கார்ந்தார். ஒரு நடிகன் தன் குளோசப்பை விட்டுக்கொடுப்பதை என் சர்வீஸில் அன்றுதான் பார்த்தேன்.

4. வால் போன டேக்

தண்ணீர் நிறம் மாற ஆரம்பித்திருந்தது. செம்மண் கலந்து வந்தால் மேலே வரத்துக் கூடிவிட்டது என்று அர்த்தம். இன்னும் ஒரே ஒரு டேக், அதற்குப் பிறகு கப்பலைக் கரையேற்றிவிட வேண்டும் என்று நான் கறாராகச் சொல்லிவிட்டேன்.

"ஆக்ஷன்!"

கப்பல் கிளம்பியது. ஐயோ, அந்த அழகை என்ன சொல்ல! இரண்டு வரிசைத் துடுப்பும் ஒன்றாக எழுந்தன, ஒன்றாக விழுந்தன. ஒரு கழுத்தும் திரும்பவில்லை. மூக்கில் கதாநாயகன் வாளோடு நிற்க, பின்னால் மாதையன் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, பென்னாகரம் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி நின்றிருந்தார். "இழு... ம்... இழு..." அவ்வளவுதான் பேச்சு. அந்தத் தொண்டைக்குள் இவ்வளவு மெல்லிய குரல் இருப்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இடுக்கின் நடுவில் புதுத் தண்ணீர் கப்பலை இடது பக்கம் தள்ளியது. மானிட்டரில் பாறை பெரிதாகிக்கொண்டே வந்தது. கதாநாயகன் ஸ்கிரிப்டில் இல்லாத "ஐயோ!" ஒன்று போட்டார். கரையில் பத்திரமாக நின்றிருந்த நான் ஊரே கூடுகிற மாதிரி கத்தினேன். துடுப்புக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் இத்தனை அலறல். அவர்களோ மாதையன் முகத்தைப் பார்த்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. இழுத்தார்கள்.

மூக்கு தப்பியது. நடுப்பகுதி தப்பியது. கடைசியில் படார் என்று ஒரு சத்தம். கப்பலின் வால் பாறையில் அடித்து ஒடிந்து ஆற்றில் விழுந்தது. கப்பல் வெளியே அகலத் தண்ணீருக்கு வந்து நின்றது.

ஆர்ட் டைரக்டர் "என் வாலு!" என்று அழாத குறை. சாரு அவரைப் பிடித்து உலுக்கினார். "சார், கதையிலயும் வால் நுனிதான் ஒடியும்! அந்தப் பாறை கப்பலோட வாலைத்தான் கடிக்கும்! பணம் குடுத்தாலும் இப்படி வராது!" சொல்லிக்கொண்டே பாறை மேல் குதித்தார். நானும் குதித்தேன். என் வயதுக்கு அது தேவையில்லைதான். ஆனாலும் குதித்தேன்.

கம்பெனி அம்மா ஷாட்டைத் திரும்பப் போடச் சொன்னார். கறுப்புக் கண்ணாடியை அப்போதுதான் கழற்றினார்.

"ஸ்கிரிப்ட்ல மாலுமிக்கு மரண பயம்னு இருந்துச்சே. இவர் பயப்படவே இல்லையே?"

சாருவுக்கு முகம் சுருங்கியது. "மாத்திட்டேன் மேடம்," என்றார் மெதுவாக.

"நல்லவேளை மாத்தினீங்க. நான் கப்பலையே பாக்கல, இவரைத்தான் பாத்துட்டு இருந்தேன். சீரீஸ் பண்றோம்."

சாரு அழுதுவிட்டார். நானும்தான். யூனிட்டே விசிலடித்தது.

அந்த ஆர்ப்பாட்டத்தில் மாதையனைக் காணோம். தேடிப் போனால், ஒரு பாறைக்குப் பின்னால் தாடியோடு உட்கார்ந்திருந்தார். டீ கிளாஸ் கையில் கிடுகிடுவென்று ஆடி, டீ பாதி மடியில் கொட்டியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்ன மாதையா, பயமே இல்லாத ஆளுன்னு அங்க உன்னப் பாராட்டிட்டு இருக்காங்க. நீ இங்க நடுங்கிட்டு இருக்க."

"அந்த எடது பக்கத்துப் பாறைலதாங்க ஒருக்கா என் பரிசல் கவுந்துச்சு. இன்னிக்கும் அதேமாரி தண்ணி தள்ளுச்சுங்க. முடிஞ்சுதுடான்னுதான் நெனச்சேன்."

"மூஞ்சில ஒண்ணுமே தெரியலையேப்பா."

"அத்தன பேரும் என் மூஞ்சியத்தானுங்க பாத்துட்டு இருந்தானுங்க. அங்க பயத்த வெக்க எடம் ஏதுங்க?"

தம்பி தங்கைகளே, இந்த வேலையில் யூனிட்டுக்கு முன்னால் வருகிற பாறை முதலில் உங்கள் கண்ணுக்குத்தான் தெரியும். ஜெனரேட்டர் நிற்கும், அனுமதி ரத்தாகும், மழை வரும். மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்த்தபடி உங்கள் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நாள் வரை யூனிட்டை ஓட்டுவது என் சத்தம்தான் என்று நினைத்திருந்தேன். இப்போதெல்லாம் செட்டில் நான் கத்துவதில்லை. உள்ளே நடுங்கும்போது ஒரு பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து நடுங்கி முடித்துவிட்டு வருகிறேன்.