முந்திரிக் கொட்டகைக்கு வந்த கென்யத் தலைவி

நேற்று புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் யாரோ பிரித்த வறுத்த முந்திரிப் பொட்டலத்தின் வாசம், இப்போது பிளாட்டுக் கற்கள் நட்டுக் கிடக்கும் இடத்தில் என் சின்ன வயதில் இருந்த ஆலங்குடி முந்திரிக் கொட்டகைக்கு என்னை இழுத்துப் போனது. கருகிய ஓட்டின் புகை கண்ணைக் கரிக்க, கட்டையால் கொட்டை உடைக்கும் சத்தம் ஓயாமல் கேட்க, சாம்பலில் கையைத் தோய்த்துத் தோய்த்து அம்மாவும் இன்னும் பத்துப் பெண்களும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எவ்வளவு சாம்பல் பூசினாலும் ஓட்டிலிருந்து கசியும் பால் பட்டு விரல்கள் கறுத்தே கிடக்கும். அந்தக் கையோடு பள்ளிக்கூடம் வர அம்மாவுக்குக் கூச்சம். எனக்கோ, பெற்றோர் கூட்டத்தில் நான் பேசுவதை அவள் கேட்டே ஆக வேண்டும்.

கொட்டகையில்தான் பேசிப் பழகினேன். சிறைக்குப் போய் வந்தும் மரம் நடுவதை விடாத கென்ய நாட்டுத் தலைவியைப் பற்றிய பேச்சு அது.

"மரம் நட்டதுக்கா ஜெயிலு? அப்ப எங்க முதலாளியத்தான்டா மொதல்ல புடிக்கணும், தோப்பே வச்சிருக்காரு" என்று அம்மா பக்கத்தில் கொட்டை உடைத்துக்கொண்டிருந்த செல்லம்மா அத்தை சிரித்தார்.

அம்மா மட்டும் என் கையிலிருந்த புத்தகத்தின் படத்தையே பார்த்தாள். கையெல்லாம் மண்ணோடு அந்தத் தலைவி சிரித்துக்கொண்டிருந்தார்.

"இப்புடியேவா போட்டோவுக்கு நின்னுச்சு?" என்றாள்.

கூட்டத்தன்று நான் பேசி முடித்தபோது அம்மா முன்வரிசையில் இருந்தாள். வருகைப் பதிவேட்டை நீட்டிய டீச்சர் அவள் விரல்களையே பார்த்தார். அம்மா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்ளவில்லை.

"முந்திரி ஒடைக்கிற கைங்க டீச்சர். ரேகை வைக்க மை வேணுமா, இதுவே போதுமாங்க?"