இரண்டு போதும் என்று சொன்னவள்

கனகேஸ்வரியை, பத்து காவான் என்ற ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டப் பெண்கள் ‘மிஸி’ என்றுதான் கூப்பிட்டார்கள். உண்மையில் அவள் தாதி இல்லை. ஊசி போடவோ பிரசவம் பார்க்கவோ தெரியாது. கடலுக்கு அப்பால் தீவில், ஜார்ஜ் டவுனில் இருந்த குடும்பத் திட்ட அலுவலகத்தின் களப்பணியாளர். வெள்ளைச் சட்டை போட்டு, தோளில் பை மாட்டிக்கொண்டு வரும் எந்தப் பெண்ணும் அவர்களுக்கு மிஸிதான்.

1971இல் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தைந்து வயது. இரண்டு பெண் குழந்தைகள். கணவர் குலசேகரம் துறைமுகத்தில் கிளார்க். யாழ்ப்பாணத்துக் குடும்பத்து மருமகள் தோட்டம் தோட்டமாக அலைவதா என்று மாமியார் முணுமுணுத்தார். கனகேஸ்வரி காதில் போட்டுக்கொள்ளவில்லை. பயிற்சியில் அவளுக்கு ஒரு வரைபடம் காட்டினார்கள். பிறப்பு ஒரு கோடாக மேலே நின்றது. இறப்பு இன்னொரு கோடாகக் கீழே சரிந்தது. “மருந்து வந்துடுச்சு, சாவு கொறஞ்சிடுச்சு. ஆனா பிறப்பு கொறையல. இப்படியே போனா சோறு, ஸ்கூலு, வேலை எதுவும் பத்தாது லா” என்றார் மேலதிகாரி ராமதாஸ். அவள் அதை முழுமையாக நம்பினாள். அவளுடைய அம்மா ஒன்பது பெற்று நான்கைப் புதைத்தவர்.

காலையில் ஃபெரியில் கடல் தாண்டிப் பட்டர்வொர்த், அங்கிருந்து பஸ், பிறகு செம்மண் பாதையில் அரை மணி நடை. பால்மரக் காட்டிலிருந்து பெண்கள் திரும்பும் நேரம் பார்த்துக் குழாயடியில் போய் நின்று, ‘ரெண்டு பிள்ளை போதும்’ என்று பேசுவாள். அப்படி ஒருநாள், 1975இல், புஷ்பவள்ளி அவளை மடக்கினாள். புஷ்பவள்ளிக்கு இருபத்து நான்கு வயதிருக்கும். இடுப்பில் கைக்குழந்தையாக மகன், காலைக் கட்டிக்கொண்டு இரண்டு வயதுப் பெண்.

“எங்கள மட்டும் ஆபரேசன் பண்ணிக் கட்டிக்கிடச் சொல்றீங்களே, நீங்க செஞ்சுக்கிட்டீங்களா மிஸி?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கனகேஸ்வரிக்கு முகம் சுட்டது. கருத்தடை மாத்திரைதான் சாப்பிடுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

அன்று வீட்டில் குலசேகரத்திடம் பேசினாள். மகன் வேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருந்தது. ஆனால் இரண்டு பெண்களையும் நன்றாகப் படிக்க வைக்கலாம் என்று அவள் சொன்னது அவருக்குச் சரியாகப் பட்டது. “சரி, நீர் செய்யும்” என்றார். ஆஸ்பத்திரித் தாளில் தன் அழகான கிளார்க் எழுத்தில் கையெழுத்தும் போட்டார்.

அறுவை முடிந்து வேலைக்குத் திரும்பிய நாளில் ராமதாஸ் அவளை எல்லோர் முன்னும் நிறுத்தினார். “பாருங்க, ரெண்டு போதும்னு வாயால மட்டும் சொல்லல, செஞ்சே காட்டிட்டாங்க” என்றார். கை தட்டினார்கள். அடுத்த வாரம் தோட்டத்துக்குப் போய், “செஞ்சுக்கிட்டேன்” என்று புஷ்பவள்ளியிடம் சொன்னாள். இரண்டு மாதம் கழித்துப் புஷ்பவள்ளியும் கணவன் சுப்பையாவோடு வந்து செய்துகொண்டாள். அந்த லய வீட்டு வரிசையில் மட்டும் அவளைப் பார்த்துப் பதினொரு பெண்கள் செய்துகொண்டார்கள்.

1982இல் புஷ்பவள்ளியின் மகன் சேகர் காய்ச்சலில் இறந்துபோனான். ஏழு வயது. கனகேஸ்வரி துக்கம் விசாரிக்கப் போனாள். புஷ்பவள்ளி அவள் மடியில் தலை வைத்து அழுதாள்.

இரண்டு வருஷம் போனது. ஒருநாள் அலுவலகத்தில் கூட்டம் என்றார்கள். போய்ப் பார்த்தால் சுவரில் இருந்த இரண்டு பிள்ளைக் குடும்பத்தின் படத்தைக் காணோம். அதன் ஆணிகள் மட்டும் இருந்தன. நாட்டுக்கு மக்கள்தொகை போதவில்லை, இப்போதைய ஒன்றரைக் கோடி இன்னும் நூற்றுச் சொச்சம் வருஷத்தில் ஏழு கோடி ஆகவேண்டும் என்று அரசாங்கம் முடிவு செய்திருந்தது. வசதி உள்ளவர்கள் ஐந்து பிள்ளைகூடப் பெறலாம். ராமதாஸ் இதைச் சாதாரணமாக, லீவு நாள் அறிவிப்பதுபோல் சொன்னார்.

“இனிமே நம்பர் எதுவும் சொல்லாதீங்க. குடும்ப நலம்னு மட்டும் பேசுங்க.”

கனகேஸ்வரி எழுந்து நின்றாள். “சார், ரெண்டு போதும்னு நீங்கதானே சொல்லச் சொன்னீங்க? அந்தப் பொம்பளைங்ககிட்ட நான் என்னன்னு சொல்றது?”

“நானா?” ராமதாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நாம எப்பவும் இடைவெளி விடுங்கன்னுதான் சொன்னோம். நிறுத்தச் சொன்னது யாரு? அது அவங்கவங்க சொந்த முடிவு லா.”

அவள் சுற்றிலும் பார்த்தாள். அன்று கை தட்டியவர்களில் ஆறு பேர் அதே அறையில் இருந்தார்கள். சக களப்பணியாளர் சபூரா மட்டும் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். மற்றவர்கள் குறிப்பெழுதினார்கள்.

அதற்குள் செய்தி ரேடியோ வழியாகத் தோட்டத்துக்குப் போய்விட்டது. அடுத்த முறை கனகேஸ்வரி போனபோது புஷ்பவள்ளி பாதையிலேயே காத்திருந்தாள்.

“மிஸி, நெறையா பெத்துக்கலாம்னு கவர்மெண்டே சொல்லுதாமே. அன்னிக்குக் கட்டினத அவுத்து விட முடியுமா?”

முடியாது என்று கனகேஸ்வரிக்குத் தெரியும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. “டாக்டரக் கேப்போம்” என்று அவளை அழைத்துக்கொண்டு தீவுக்கு வந்தாள்.

டாக்டர் பழைய அட்டையைத் தேடி எடுத்துப் படித்தார். குழாயைக் கட்டி வெட்டியிருக்கிறார்கள், ஒட்டினாலும் பிடிக்காது, வயதும் முப்பத்து மூன்று ஆகிவிட்டது என்றார். பிறகு கொஞ்சம் எரிச்சலோடு கேட்டார்: “இருபத்து நாலு வயசுல, ரெண்டே பிள்ளையோட இத செய்யச் சொன்னது யாரு?”

புஷ்பவள்ளி திரும்பி மிஸியைப் பார்த்தாள். ராமதாஸ் சொன்ன அதே பதில் கனகேஸ்வரியின் நாக்கு நுனி வரை வந்தது. சொந்த முடிவு என்று சொல்லியிருக்கலாம். அட்டையிலும் அப்படித்தான் எழுதியிருந்தது.

“நான்தான் சொன்னேன், டாக்டர்.”

திரும்பும் ஃபெரியில் இருவரும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். பாதிக் கடல் தாண்டியபின் புஷ்பவள்ளி பேசினாள். கோபமாகப் பேசவில்லை.

“ரெண்டு போதும்னீங்களே மிஸி. ரெண்டும் இருக்கும்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

கனகேஸ்வரி பயிற்சியில் பார்த்த அந்த வரைபடத்தை நினைத்தாள். பிறப்பும் இறப்பும் படத்தில் இரண்டு கோடுகள். அந்தக் கோடுகளில் சேகர் இல்லை.

அந்த வருஷ தீபாவளிக்குக் குலசேகரத்தின் பெரியப்பா கனகசுந்தரம் தைப்பிங்கிலிருந்து வந்திருந்தார். பேச்சு வாரிசைச் சுற்றி வந்தது. “ஒரு பொடியன் இருந்திருந்தால் பேர் சொல்ல ஆளிருந்திருக்கும்” என்றார் பெரியவர்.

“நான் என்ன செய்யிறது, பெரியப்பு?” என்றார் குலசேகரம். “இவ தன்ரை பாட்டுக்குப் போய்ச் செய்துகொண்டு வந்திட்டா. என்னட்ட ஒரு வார்த்தை கேக்கேல்லை.”

பலகாரத் தட்டோடு வந்த கனகேஸ்வரி வாசலிலேயே நின்றுவிட்டாள். குலசேகரம் அவளைப் பார்த்துவிட்டார். ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை. விருந்தாளி போனபின், “அந்தத் தாளில கையெழுத்து வைச்சது ஆர்?” என்று அவள் கேட்டாள். அவர் பேப்பரைப் புரட்டினார். “பழங்கதை இப்ப என்னத்துக்கு?” என்றார். அலுவலகத்தில் நடந்ததைவிட இதுதான் அவளை அதிகம் சுட்டது. ராமதாஸுடன் அவள் சேர்ந்து வாழவில்லை.

அதன்பின் அவள் தோட்டங்களுக்குப் போக மறுத்தாள். பழைய பேச்சையும் பேச முடியாது, புதுப் பேச்சும் வராது என்று எழுதிக் கொடுத்தாள். அவளைக் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். பதவி உயர்வு வரவில்லை. வேலையை விடவும் இல்லை. இரண்டு பெண்களின் படிப்பு இருந்தது.

பெண்கள் நன்றாகவே படித்தார்கள். மூத்தவள் யோகலட்சுமி கல்யாணமாகி மெல்பர்னுக்குப் போனாள், இளையவள் சிங்கப்பூரில் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டாள். 1991இல் மக்கள்தொகைக் கணக்கு எடுக்க வந்த பெண் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள். “ரெண்டு பேர்” என்றாள் கனகேஸ்வரி. குலசேகரம் குறுக்கிட்டு மகள்கள் பெயரைச் சொல்லத் தொடங்கினார். வெளிநாட்டில் இருப்பவர்களை எழுதுவதில்லை என்று அந்தப் பெண் பணிவாகச் சொன்னாள். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அந்த நாட்களில் தொழிற்சாலைகளுக்கு ஆள் கிடைக்கவில்லை. இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் பஸ் பஸ்ஸாக இளைஞர்கள் வந்து இறங்கினார்கள். பத்து காவான் தோட்டத்தையும் தொழிற்சாலைகளுக்காக எடுக்கப்போவதாகப் பேச்சு வந்து, பலர் முன்கூட்டியே வெளியேறினார்கள்.

1993இல் செபராங் ஜெயா பாசாரில், காய்கறிக் கடை முன்னால், கனகேஸ்வரி புஷ்பவள்ளியைப் பார்த்தாள். தொழிற்சாலையில் துப்புரவு வேலை, பிளாட்டில் வாடகைக்கு இருப்பதாகச் சொன்னாள். மகள் ஜொகூர் பக்கம் வேலைக்குப் போய்விட்டாளாம், சுப்பையா போன வருஷம் தவறிவிட்டானாம். எல்லாவற்றையும் கீரையை ஆய்ந்து பார்த்தபடியே சொன்னாள். மிஸியின் உடம்பையும் விசாரித்தாள்.

“எந்த பிளாட்?” என்று கனகேஸ்வரி கேட்டாள்.

“அந்தாண்ட இருக்கு” என்று புஷ்பவள்ளி பொதுவாகக் கையை வீசினாள். பஸ் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு, “வர்றேன் மிஸி” என்று ஏறிவிட்டாள். வீட்டுக்கு வாங்க என்று அவள் சொல்லவில்லை.