உதட்டுக்குப் பின்னால் வந்த குரல்

படம் மங்கினால் கேமராவைத் திட்டுவார்கள், சத்தம் பின்தங்கினால் எடிட்டரைத் திட்டுவார்கள். இந்தத் தொழிலில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். வேலையில் தப்பு வந்தால் பட்டத்தைத் திருப்பிக் கேட்பார்களோ என்று பயந்துகொண்டேதான் ஷாதிபூர் வீடியோ எடிட்டிங் கடையில் உட்கார்ந்திருக்கிறேன்.

சின்ன வேலை

எங்கள் தீவுகளின் வடக்கே இருக்கும் மாயாபந்தரிலிருந்து செல்வியக்கா, மகள் கல்யாணத்துக்குச் சாமான் வாங்க இந்த ஊருக்கு வந்து, பத்துபஸ்தியில் தங்கை வீட்டில் தங்கியிருந்தார். கணவர் போன வருடம் தவறிவிட்டார். மகளின் நிச்சயதார்த்தத்தில் அவர் வாழ்த்திப் பேசியது மட்டும் வீடியோவில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் அதைத் திரையில் போட வேண்டும்.

போனில் எடுக்கும்போது ஒரு விநாடிக்கு இத்தனை படம் என்ற கணக்கு நிலையாக இருக்காது. அதை யாரோ இலவச ஆப்பில் மாற்றியதில் சில படங்கள் வேறு விடுபட்டுப்போயின. மென்பொருளில் ஏற்றினேன். ஆரம்பம் சரியாக இருந்தது. போகப்போகக் குரல் பின்தங்கியது. செல்வியக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வாயை மூடின பிறகும் பேசுறாரே தம்பி. புள்ள இதைப் பார்த்தா தாங்காது."

அசல்

வீடியோ எடுத்தது அக்காவின் அண்ணன் மகன். மாயாபந்தரில் இருந்தவனுக்குப் போன் செய்து அசலைக் கேட்டேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அது இன்னும் சுருங்கி வந்தது. சொன்னேன்.

"சின்னதானா என்னண்ணே, ஆள் அதே மாமாதானே!"

பஸ்ஸில் வந்தவர்

கடைசியில் அசல் இருக்கும் மெமரி கார்டை பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பச் சொன்னேன். இங்கே மருந்து, மீன், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அப்படித்தானே போகின்றன. ஸ்டாண்டில் காத்திருந்தேன். கார்டு தொலைந்தால் செல்வியக்காவிடம் என்ன சொல்வது? டிரைவர் சட்டைப் பையிலிருந்து சின்னப் பொட்டலத்தை எடுத்தார்.

"பொண்ணோட அப்பா இதுல இருக்காராமே. டேஷ்போர்டுல போட மனசு வரல, பாய்."

நின்ற இடம்

அசலை முதலில் ஒரே சீரான வேகத்துக்கு மாற்றினேன். வெட்டி ஒட்டும் டைம்லைனையும் அதே வேகத்தில் வைத்தேன். உதடும் குரலும் சேர்ந்தன. ஆனால் நடுவில் ஒரு இடத்தில் அக்காவின் கணவர் அசையாமல் நின்றார், சத்தமும் இல்லை. படம் உறைந்துவிட்டது என்று நினைத்தேன். "அரே, காட் தோ, வெட்டிடு!" என்றார் வங்காளி முதலாளி. மவுஸைப் பிடித்தேன். செல்வியக்கா என் கையைப் பிடித்தார். அப்போதுதான் பார்த்தேன், படத்தில் அவர் கணவருக்குப் பின்னால் திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது; படம் உறையவில்லை.

"வெட்டாதீங்க தம்பி. அழுகையை அடக்கிட்டு நிக்கிறாரு."

இப்போதெல்லாம் படம் எங்கே நின்றாலும் வீட்டுக்காரர்களைக் கேட்டுவிட்டுத்தான் வெட்டுகிறேன். அதனால் வேலை தாமதமாகிறது என்று முதலாளி முறைப்பதைச் சரிசெய்யத்தான் எனக்கு இன்னும் ஒரு மென்பொருளும் கிடைக்கவில்லை.